மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார்

திருவில்லிபுத்தூருக்குச் செல்வோர் வானளாவிய கோபுரத்தைக் கண்டு வியந்து நிற்பர். பின்னர் அருகேயுள்ள நந்தவனத்திற்குச் சென்று, துளசிச் செடியின் அடியில் ஆண்டாள் குழந்தையாகக் கிடந்த இடம் இஃது என்று ஊரார் காட்டக் கண்டு வணங்குவர். பெற்றோர் இன்னார் என்று அறியப்படாத அப்பெண்மகவைப் பெரியாழ்வார் எடுத்துத் தம் மகளாகவே போற்றி வளர்த்தார் என்பது வைணவப் பெரியோர் வழங்கிவரும் செய்தி. அவ்வூரை அடுத்த இராசபாளையத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்த குமாரசாமி ராசாவும் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர். அவரே 1949 முதல் 1952 வரை சென்னை மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். இவ்விருவருக்கும் வளர்ப்பார் வாய்த்தனர். வாய்க்காத குழந்தைகள் என்ன ஆயினர்? அவர்களுக்கு எது நன்மை தரும் என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாக்களுக்கு மருத்துவக் கண்கொண்டு விடை தேடியவர் முத்துலட்சுமி அம்மையார்.

அவர் 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் மகாராசா கல்லூரியின் தலைவராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசையையும் நடனத்தையும் வழிவழியாகப் பேணிய மரபில் வந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பெற்ற பெண்களின் நிலையை முத்துலட்சுமி நூல்களைக் கற்று அறியவில்லை. தம் உறவினரிடையே கண்டு அறிந்தார். பிற்காலத்தில் அவர் அவைகளில் பேசிய பேச்சுக்கு வலிமை தந்தது இவ்வறிவே ஆகும்.

பெண்கள் உயர்நிலைக் கல்வி பெறுவதே அரிதாக இருந்த காலம் அது. ஆடவர் பயிலும் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்குப் பலர் தடை கூறினர். புதுக்கோட்டை மன்னர் அத்தடைகளைப் பொருட்படுத்தாது இடம் அளித்தார். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அம்மையார், 1912ஆம் ஆண்டு சிறப்புடன் தேறி வெளிவந்தார். 1914ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்து, தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நில்லாதிருத்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்மேல் நிகழ்ந்த திருமணம் அது. கணவரும் அச்சொல்லை இறுதிவரை காத்தார்.

நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து அளித்தல் வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவருக்கு வகுத்த நெறி. அம்மையார் அந்நெறியைச் சமூகத்தின் பிணிகளுக்கும் பொருத்தினார். பிள்ளைப்பேற்றிற்காக வரும் பெண்களுட் பலர் தாமே குழந்தைகளாக இருப்பதை அவர் கண்டார். உடல் முதிரா முன்னர்த் தாயாவோரும், அவர் பெறும் மகவுகளும் மாள்வதற்கு விதியே காரணம் என்று ஊரார் கூறினர். இளமை மணமே காரணம் என்று அவர் கண்டார். இலண்டன் சென்று பெண்கள், குழந்தைகள் நோய்பற்றிய மேற்பயிற்சியும் பெற்றார்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சென்னைச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அடுத்த ஆண்டு துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையை மருத்துவர் ஆராய்தல் வேண்டும் என்றும் அங்கு வாதாடினார். மண வயதை உயர்த்தவும் போராடினார். 1929ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் இயற்றப்பெற்ற சாரதா சட்டம், பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் எனக் குறைந்த அளவு மண வயதை வரையறுத்தது.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் மேற்கொண்ட முயற்சியைச் சற்று விரிவாகக் காண்போம். சமயத்தின் பெயரால் அதனைக் காக்க முனைந்தோர் பலர். ஆண்டாள் அரங்கனையே மணாளனாக வரித்தமையைச் சான்று காட்டுவோரும் உண்டு. ஆண்டாள் தானே விரும்பி வரித்தாள். பொட்டுக்கட்டப்பெற்ற சிறுமியை எவரும் கேட்டதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திலர். அம்மையாரோ கண்டிப்பதோடு அமையாமல், அவ்வழக்கம் நிலைத்து நிற்பதற்கு உரிய வேரைத் தேடினார். கோயிற்பணி செய்யும் குடும்பத்திற்கு மானிய நிலம் உண்டு. பணிக்கு ஒரு பெண் இல்லையேல் நிலமும் இல்லை. ஆகவே, வறுமைக்கு அஞ்சிய குடும்பங்கள் மகளைப் பொட்டுக்கட்டி நிலத்தைக் காத்துக்கொண்டன. இக்கட்டை அறுப்பதே முதற்பணி எனத் தெளிந்தார். 1927ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த தீர்மானம் மேலவையில் நிறைவேறியது. 1929ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், கோயிற்பணி செய்யாவிடினும் அந்நிலம் அப்பெண்களுக்கே உரியதாகும் என விதித்தது. வழக்கத்தையே முழுவதும் தடுக்கும் சட்டம், நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் நிறைவேறியது.

அம்மையாரின் முயற்சியை எதிர்த்து அப்பெண்களுள் சிலரே அரசுக்கு விண்ணப்பம் விடுத்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. தம் கலையும் தொழிலும் மதிப்பும் அழியும் என அவர்கள் அஞ்சினர். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அவ்வச்சம் பொருளற்றதன்று எனக் கருதுகின்றனர். பெரியவர்களின் வாழ்வைப்பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். சிறுமியரைப்பற்றிய வரையில் அம்மையாரின் முடிவே நேரியது என்பதில் ஐயமில்லை.

1930ஆம் ஆண்டு, காந்தியடிகள் சிறைப்பட்டபோது அவர் தம் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, பொட்டுக்கட்டும் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சிறுமியர் சிலர் அடைக்கலம் நாடி அவர்தம் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். நகரத்து விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சாதியும் பிறப்பும் குறுக்கே நின்றன. சட்டம் இயற்றியவர் என்ற பெருமையோடு அம்மையார் அமைந்திருக்கலாம். ஆனால், அன்றிரவு அச்சிறுமியர்க்கு வேண்டியது சட்டமன்று. சோறும் பாயும் கதவுத் தாழும் ஆகும். தம் வீட்டையே அவர்களுக்குத் திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தம் காலில் நின்றனர்.

ஆதரவற்ற குழந்தைக்கு உணவும் உடையும் இருந்தாற் போதுமா என்னும் வினாவை உலக அறிஞரும் பின்னர் ஆராய்ந்தனர். பெரும்போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப்பற்றி ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் சான் பௌல்பி, 1951ஆம் ஆண்டு உலக நல நிறுவனத்தின் வாயிலாகத் தம் முடிவை வெளியிட்டார். தாயைப்போல் ஒருவர் இடையறாது அன்பு காட்டுதல் குழந்தைக்கு உணவைப்போல் இன்றியமையாதது என்பது அவர் கண்ட உண்மை. 2000ஆம் ஆண்டையொட்டி ருமேனியா நாட்டில் விடுதிகளில் வாழ்ந்த 136 குழந்தைகளுள் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பெற்றனர். இரண்டு வயது நிரம்புமுன் குடும்பத்திற் சேர்ந்தோர் அறிவிலும் அன்புத் தொடர்பிலும் பெரிதும் முன்னேறினர். இந்நாட்டில் 2015ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற இளைஞர் நீதிச் சட்டமும், குடும்பத்தையே முதற்புகலாகவும் விடுதியை இறுதிப் புகலாகவும் கொள்ளுதல் வேண்டும் என்று கூறுகிறது. அம்மையார் அவ்வாராய்ச்சிகள் எழுமுன்னரே விடுதி ஒன்றைக் கட்டித் தொடங்காமல், வீட்டிலிருந்து தொடங்கினார்.

1923ஆம் ஆண்டு தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை அவர் மறந்தாரல்லர். முப்பது ஆண்டுகள் அதனை நெஞ்சிற் சுமந்து, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 1954ஆம் ஆண்டு திறக்கச் செய்தார். அதற்கு 1952ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவர் நேரு. மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். 1956ஆம் ஆண்டு பத்மபூசண் விருது அவரை வந்தடைந்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் அவர் மறைந்தார். ஏழைத் தாய்மாருக்குப் பேறுகால உதவி வழங்கும் திட்டத்திற்குத் தமிழக அரசு அவர் பெயரையே இட்டது. கருவுற்ற தாயர் இன்றும் அப்பெயரைச் சொல்லியே அவ்வுதவியைப் பெறுகின்றனர்.