கடல் கடந்து கடை வைத்த லெவி ஸ்ட்ராஸ்

நம் கல்லூரி வளாகத்தில் ஜீன்ஸ் கால்சட்டை அணிந்த மாணவர்களுக்குக் குறைவில்லை. அதன் பையின் மூலையில் பதித்திருக்கும் சிறு செப்பு ஆணியைக் கவனித்தவர் எத்தனை பேர்? அந்த ஆணியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லெவி ஸ்ட்ராஸ். (ஏறத்தாழ இதே பெயரையுடைய பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் வேறு, பேராசிரியர்கள் பொறுத்தருள்க!)

தங்கம் தோண்டச் சென்றவர்களிடம் கூடாரத் துணி விற்கப் போனார். துணி விலை போகவில்லை. அதையே கால்சட்டையாகத் தைத்து ஒரே நாளில் செல்வரானார் என்றொரு கதை உலகெங்கும் வழங்குகிறது. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் உண்மை வேறு. என் கருத்தில் உண்மையே மேலும் சுவையானது.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் புட்டன்ஹைம் என்னும் சிற்றூரில் 1829ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் இவர் பிறந்தார். தந்தை துணிமணிகளைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர். அந்நாளைய பவேரியாவில் ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்களே வாழலாம் என்று சட்டம் இருந்தது. இளைய பிள்ளைகள் மணம் முடித்துத் தனிக்குடும்பம் அமைப்பதற்கே இடம் கிடைப்பது அரிதாயிற்று. 1846இல் தந்தை காசநோயால் மறைந்தார். மறு ஆண்டே தாயுடனும் இரு சகோதரிகளுடனும் 18 வயது லெவி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நியூயார்க்கில் தமையன்மார் இருவர் முன்பே ஜவுளிக் கடை வைத்திருந்தனர். அங்கே தொழில் கற்றார். 1853இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டு மார்ச் மாதம் பனாமா வழியாகச் சான்பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின் மக்கள் வெள்ளமாய்த் திரண்ட நகரம் அது. எல்லோரும் மண்ணைத் தோண்ட, இவர் தோண்டுபவர்க்கு வேண்டியதை விற்றார். தமையன்மார் நியூயார்க்கிலிருந்து கப்பலில் சரக்கு அனுப்புவர்; இவர் அதைச் சுரங்க ஊர்களின் சிறு கடைகளுக்கு மொத்தமாக விற்பார்; வசூலைத் தங்கமாகத் திருப்பி அனுப்புவார். இரண்டு கரைக்கும் நடுவே இருந்தது உறவின் நம்பிக்கை. அந்நிய மண்ணில் அவருக்குக் கிடைத்த முதல் மூலதனம் அதுவே எனலாம்.

கடலோ எப்போதும் நம்பத்தக்கதன்று. 1857 செப்டம்பரில் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பல் புயலில் மூழ்கியது. அதில் லெவி அனுப்பிய தங்கம் 76 ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. கடை இளமையாயிருந்த நாளில் விழுந்த பேரடி அது. எனினும் கடை மூடப்படவில்லை.

இவ்வாறு ஏறக்குறைய 20 ஆண்டுகள் துணி வணிகராகவே கழிந்தன. 1872இல் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் வாழ்ந்த ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர். இவரும் ரீகா நகரிலிருந்து பிழைக்க வந்தவரே. லெவியின் கடைத் துணியை வாங்கித் தைப்பவர். ஒரு விறகுவெட்டியின் மனைவி, கணவனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டுமென்று கேட்டாள். குதிரைப் போர்வைகளுக்கு அடிக்கும் செப்பு ஆணியை இவர் பைகளின் மூலைகளில் அடித்துப் பார்த்தார். பை கிழியவில்லை, கேட்பவர் பெருகினர். காப்புரிமை பெற 68 டாலர் வேண்டும். அதைச் செலவிட டேவிசின் வீட்டில் இசைவில்லை. ஆகவே செலவை ஏற்றால் உரிமையில் பாதி தருவதாக எழுதினார்.

லெவி தயங்கவில்லை. 1873 மே 20ஆம் நாள் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. டேவிஸ் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து தைக்கும் பணியை மேற்பார்த்தார். கண்டுபிடிப்பு டேவிசுடையது, உலகம் அறிந்த பெயரோ லெவியுடையது! இதை அநீதி என்பாரும் உளர். தக்க நேரத்தில் கடிதத்தைப் படித்து மதித்ததும் ஒரு திறமையே என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் மறைப்பது முறையன்று. கலிபோர்னியாவில் சீனத் தொழிலாளர் மீது வெறுப்பு மூண்ட காலத்தில், தங்கள் ஆடைகள் வெள்ளையரால் தைக்கப்பட்டவை என்று இவரது நிறுவனம் விளம்பரம் செய்தது. பிறந்த ஊரில் இடமின்றி வந்தவர் அடுத்து வந்தவர்க்கு இடம் மறுத்ததை என்னென்பது! அதே லெவிதான் 1897இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்க்கு உதவித்தொகை அமைத்தார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1902 செப்டம்பர் 26இல் மறைந்தார். தொழில் சகோதரி ஃபேனியின் புதல்வர் நால்வர் கைக்குச் சென்றது. 1906இல் சான்பிரான்சிஸ்கோவைத் தாக்கிய நிலநடுக்கத்தையும் தீயையும் தொடர்ந்து நிறுவனத்தின் கணக்கேடுகள் சாம்பலாயின. ஏடுகள் இல்லாத இடத்தில்தான் கூடாரத் துணிக் கதை முளைத்தது. புட்டன்ஹைமில் அவர் பிறந்த வீடு மட்டும் அப்படியே நிற்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் அது ஓர் அருங்காட்சியகம்.