மரியா மாண்டிசோரி

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அறுபத்தொன்பது வயது நிரம்பிய இத்தாலியப் பெண்மணி ஒருவர் சென்னைக்கு வந்தார். அடையாற்றுப் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, ஆசிரியர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சியளித்துத் திரும்புவதே அவரது திட்டம். இரண்டாம் உலகப்போர் அத்திட்டத்தைக் குலைத்தது. அவர் மீண்டும் ஐரோப்பிய மண்ணை மிதித்தது 1946ஆம் ஆண்டில்தான். அவரே கல்வியாளர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870 ஆகஸ்டு 31 அன்று அவர் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதைச் சமூகம் ஏற்காத காலத்தில், 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதற்றேவை என உணர்ந்தார். கையால் தொட்டும் அடுக்கியும் பிரித்தும் அறியத்தக்க பொருள்களை அவர்களுக்கென உருவாக்கினார். 1907 சனவரி 6 அன்று, ரோமில் உழைப்பாளர் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கப்பட்டது. அங்கு ஒருநாள் கருவிப் பொருள்கள் வைத்திருந்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். பிள்ளைகள் தமக்கு வேண்டியவற்றைத் தாமே எடுத்துச் சென்று அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். மாண்டிசோரி அதனைக் குறும்பாகக் கருதவில்லை. பூட்டிய அலமாரிக்கு மாற்றாகக் குழந்தைகளின் கைக்கெட்டும் திறந்த அடுக்குகளை அமைக்கச் செய்தார்.

மற்றொரு நிகழ்ச்சி அவரது கொள்கைக்கு உரைகல் போன்றது. நீர் நிறைந்த தொட்டியில் சில பொருள்கள் மிதந்துகொண்டிருந்தன. குழந்தைகள் அதைச் சூழ்ந்து நின்றனர். இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. முண்டியடித்துப் பார்த்தான், வலுவில்லை. சற்று விலகி நின்று சிந்தித்தான். அருகிலிருந்த சிறு நாற்காலி அவன் கண்ணிற்பட்டது. அதன்மேல் ஏறினால் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் முகம் மலர நடந்தான். அதற்குள் ஆசிரியை அன்போடு அவனைத் தூக்கித் தொட்டியைக் காட்டினார். சிறுவன் மிதக்கும் பொருள்களைக் கண்டான். முகத்தில் இருந்த ஒளியோ மறைந்துவிட்டது. தடையைத் தானே வெல்லும் இன்பம் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மாண்டிசோரி கண்டுகொண்டார். பறித்தது கண்டிப்பு அன்று, பரிவு. பள்ளிகளில் இன்றும் எளிதில் புலப்படாத இழப்பு இது.

முசோலினியின் அரசுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1934இல் இத்தாலியில் அவரது பள்ளிகள் மூடப்பட்டன. நாடு விட்டு நாடு சென்ற அவர், அடையாற்றில் ஏறத்தாழ 300 பேருக்கு இத்தாலிய மொழியில் பயிற்சியளித்தார். மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் ஆங்கில அரசின் பார்வையில் பகைநாட்டினர் ஆயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாய் அடையாற்று வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். அவரது எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசு மாரியோவை விடுவித்தது.

1942இல் இருவரும் கொடைக்கானலுக்குச் சென்றனர். அதுவரை பெரும்பாலும் சிறு குழந்தைகளின் கல்வியில் கருத்தைச் செலுத்தியிருந்த மாண்டிசோரி, அம்மலையூரில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளோடு பழகினார். வயது வேறுபாடின்றி ஒன்றாகப் பயின்ற அப்பிள்ளைகளுக்கு மலையின் செடிகொடிகளும் உயிரினங்களுமே பாடப்பொருள்கள் ஆயின. அண்டம் முழுவதையும் முதலில் காட்டி, அதனுள் ஒவ்வொன்றின் இடத்தையும் பிள்ளைகளே தேடி அறியச் செய்யும் ‘அண்டக் கல்வி’ அங்கு உருப்பெற்றது.

இம்முறையில் உலகம் தோன்றிய கதையோடு எளிய சோதனைகளும் இணைந்து வரும். நீர்ப்பரப்பில் இடப்பட்ட தாள்துண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அடர்த்தி வேறுபட்ட நீர்மங்கள் ஒரே குவளையில் அடுக்கடுக்காக நிற்கும். கனமானது அடியிலும் இலேசானது மேலும் தங்கும். பாகு, தண்ணீர், எண்ணெய் ஆகிய மூன்றும் போதும். தருமபுரி மாவட்டத்து மலையூர்ப் பள்ளியிலும் கிடைப்பவை அவை. ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டி விலகிக்கொள்வார். மறுமுறை ஊற்றுவது பிள்ளையின் கை.

1946இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949வரை பணியாற்றினார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கல்வி பற்றிய அவரது நூலை 1948இல் அடையாற்றுக் கலாக்ஷேத்திரம் வெளியிட்டது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் அவர் காலமானார். அதற்குள் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தனர்.