களிமண் பொறி செய்த சிறுவன்

இரயில்வேயின் தந்தை எனப் போற்றப்படும் ஜார்ஜ் ஸ்டீபன்சன், 1781ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் வைலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவிப் பொறிக்குத் தீமூட்டும் தொழிலாளி. பிள்ளைகளோ அறுவர். கூலி உணவுக்கே போதாமையால் ஜார்ஜ் பள்ளிக்குச் செல்லவில்லை.

அவர் நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ் கூலிக்கு மாடு மேய்த்தார். ஓய்வு வேளையில் தோழனுடன் சேர்ந்து களிமண்ணைப் பிசைந்து, தந்தையார் வேலை செய்த பொறியைப் போலவே செய்து விளையாடுவார். துளையுள்ள செடித்தண்டுகளே நீராவிக் குழாய்களாயின. காசு கொடுத்து வாங்கிய பொருள் அதில் ஒன்றுமில்லை.

பதினேழாம் வயதில் சுரங்கப் பொறியை இயக்கும் பணி கிடைத்தது. ஆயினும், தம் பெயரையும் எழுத அறியார். பொறிகளைப் பற்றிய நூல்களைப் படிக்க விரும்பி, பதினெட்டாம் வயதில் இரவுப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர், காலணிகளையும் கடிகாரங்களையும் பழுதுபார்த்துப் பொருளீட்டினார். மகன் இராபர்ட்டைப் படிக்க வைத்து, அவன் கற்றதைத் தாமும் கற்றார்.

1814இல் தம் முதல் நீராவி வண்டியை உருவாக்கினார். 1825இல் ஸ்டாக்டன், டார்லிங்டன் நகர்களுக்கிடையே அவரது வண்டி மக்களை ஏற்றிச் சென்றது. 1829இல் தந்தையும் மகனும் சேர்ந்து அமைத்த 'ராக்கெட்' வண்டி, ரெயின்ஹில் போட்டியில் வென்றது. 1848இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த அக்கலை உலகெங்கும் பரவி, 1909இல் ஜொகூர் பாருவையும் இருப்புப்பாதையால் இணைத்தது.

பெற்றோர்களே! பிள்ளைகள் தீப்பெட்டிகளைக் கோத்தும், பால் டின் மூடிகளைச் சக்கரமாக்கியும் இரயில் செய்தால், வீண் விளையாட்டெனக் கடியாதீர். மாணவர்களே! கை செய்வதை நூலாலும் அறிந்து உயர்வீராக!