மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி: காமராஜர் அதை வைத்து என்ன செய்தார்?

2019 ஜனவரியில் கேமரன்மலை நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்தபோது, தானா ராத்தா கடைகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஒரே வாக்குவாதம்தான். புத்ராஜெயாவில் நம்பிக்கைக் கூட்டணி ஆட்சி. பகாங்கில் வழக்கம்போல தேசிய முன்னணி. மத்தியில் இருப்பவர்களுக்குப் போட்டால்தான் சாலையும் வீடும் வரும் என்றது ஒரு தரப்பு. நிலம் மாநிலத்தின் கையில் இருக்கும்போது மாநிலத்தைப் பகைத்துக்கொண்டு என்ன கிடைக்கும் என்று கேட்டது மறு தரப்பு. தேசிய முன்னணி வென்றது. பதின்மூன்றே மாதத்தில் மத்திய அரசாங்கமும் கவிழ்ந்தது. வாக்குவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் காமராஜர். நம் பெரியவர்கள் பலர் வீட்டில் அவர் படம் உண்டு. படிக்காத மேதை, கல்விக்கண் திறந்தவர் என்ற புகழுரைகளும் எல்லாருக்கும் மனப்பாடம். அவர் நடத்திய ஆட்சியின் கணக்கைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1903 ஜூலை 15-ஆம் தேதி விருதுபட்டியில் பிறந்தார். இன்றைய விருதுநகர்தான் அது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் சிவகாமி அம்மாள்தான் வளர்த்தார். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். பிறகு பலமுறை சிறை. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள்.

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி சென்னை மாநில முதலமைச்சரானார். ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம் மாநிலத்தையே கொதிக்கவைத்திருந்த நேரம். காமராஜர் அதைக் கைவிட்டார். தலைமைக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கி நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். குடியாத்தம் இடைத்தேர்தலில் எதிர்முகாமிலிருந்த பெரியாரும் தி.மு.க.வும் அவரை ஆதரித்தார்கள். கட்சி வேலி தாண்டிப் பழகுவது அவருக்கு முதல் நாளிலிருந்தே கைவந்தது.

டெல்லியில் நேரு, சென்னையில் காமராஜர், இரண்டு இடத்திலும் காங்கிரஸ். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் திறக்கப்பட்டது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் வந்தது. திருச்சிக்கு அருகே கொதிகலன் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மலைத்தோட்டக்காரர்களாகிய நமக்கு இன்னொன்று சுவையாக இருக்கும்: நீலகிரியில், தேயிலைக்கு நடுவே, ஊட்டியில் புகைப்படச் சுருள் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமும் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. பின்னாளில் அது மூடப்பட்டுவிட்டது.

இதைப் பார்த்து ஒரே கட்சி என்பதால்தான் எல்லாம் கிடைத்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே ஆண்டுகளில் பீகாரிலும் காங்கிரஸ் ஆட்சிதான். இரும்பும் நிலக்கரியும் அங்கே மண்ணுக்கடியில் கொட்டிக் கிடந்தன. டெல்லி கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், இரும்பு எவ்வளவு தூரம் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை என்றானது. சுரங்கம் வைத்திருந்த பீகார் தன் சாதகத்தை இழந்தது. தூரத்திலிருந்த சென்னைக்கு அது லாபம். ஒரே கட்சி, ஒரே கொள்கை, இரண்டு மாநிலங்களுக்கு எதிரெதிர் பலன்!

கொள்கைச் சாய்வு என்று பார்த்தாலும் இதே கதைதான். 1955 ஜனவரியில் சென்னைக்கு அருகே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோசலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. காமராஜரும் அதை ஏற்றவர். ஆனால் அவருடைய தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை அமைத்து, சிறு முதலாளிகளுக்குக் கொட்டகையும் மின்சாரமும் கொடுத்து அழைத்து வந்தார். மோட்டார் உதிரிபாகமும் துணி ஆலையும் தனியார் கையிலேயே வளர்ந்தன. மேடையில் சோசலிசம், பேட்டையில் வியாபாரம். இதை இரட்டை வேடம் என்று நான் சொல்லமாட்டேன். கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதே அவருக்கு அளவுகோல்.

பரம்பிக்குளம் - ஆழியாறு நீர்த் திட்டம் அதற்கு இன்னொரு சான்று. அதற்குக் கேரளத்தின் சம்மதம் வேண்டும். அங்கே 1957 முதல் 1959 வரை கம்யூனிஸ்டு ஆட்சி. கேரளத்தோடு 1970-இல் கையெழுத்தான உடன்பாடு, 1958 நவம்பர் முதல் நடப்பில் இருப்பதாகக் குறிக்கிறது. தண்ணீருக்காகச் சிவப்புக் கொடியோடும் பேசியிருக்கிறார்கள்.

பள்ளி மதிய உணவு 1956-இல் தொடங்கியது. அதற்கு டெல்லியை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊர் மக்களிடம் அரிசியும் பணமும் கேட்டு வாங்கினார்கள். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். எனக்கு அணைக்கட்டுகளைவிட இதுவே பெரிதாகப் படுகிறது. பின்னாளில் தொழிற்சாலைக்குப் போன தலைமுறை அந்தச் சோற்றைத் தின்று எழுத்துப் படித்த தலைமுறை.

1963 அக்டோபர் 2-ஆம் தேதி பதவியை விட்டு விலகினார். அடுத்து அகில இந்திய காங்கிரஸ் தலைவர். சாஸ்திரியையும் இந்திராவையும் பிரதமராக்கியதில் அவர் கை பெரிது. சென்னையின் செல்வாக்கு டெல்லியில் அதைவிட உயர்ந்த காலம் கிடையாது. ஆனாலும் சேலத்துக்கு உருக்காலை வரவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டன. 1967-இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

சேலம் உருக்காலைக்கு 1970-இல் இந்திரா அடிக்கல் நாட்டினார். அப்போது மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. காங்கிரஸ் பிளந்து, இந்திராவுக்கு நாடாளுமன்றத்தில் தி.மு.க. ஆதரவு தேவைப்பட்ட நேரம். காமராஜர் அப்போது இந்திராவுக்கு எதிர் அணியில் இருந்தார்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி சென்னையில் வாடகை வீட்டில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் தொடங்கிய மதிய உணவை 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். கிண்டித் தொழிற்பேட்டைக்குப் பிறகு 1971-இல் தி.மு.க. ஆட்சி சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. கொடி மாறியபோது யாரும் அந்தச் சோற்றுப் பானையை இறக்கி வைக்கவில்லை.