ஒரு வாக்கின் பெறுமதி: விட்டல்பாய் பட்டேல்

பட்டேல் எனும் பெயரைக் கேட்டதும், இந்தியச் சமஸ்தானங்களை ஒன்றிணைத்த சர்தார் வல்லபாய் பட்டேலே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவார். அவருடைய தமையனார் விட்டல்பாய் பட்டேலை நாம் அதிகம் அறிந்திருக்கவில்லை. அந்நியர் அமைத்த சபையிலே அமர்ந்து, அவர்கள் வகுத்த விதிகளைக் கொண்டே அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் அவர்.

குஜராத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பமொன்றில் 1873ஆம் ஆண்டு விட்டல்பாய் பிறந்தார். சகோதரர் இருவரும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தனர். இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகும் ஆவலில் தம்பி பணம் சேர்த்திருந்தார். 1905இல் பயண ஆவணங்கள் வந்தபோது, அவற்றில் வி. ஜே. பட்டேல் என்றிருந்தது. இருவருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. மூத்தவன் இருக்க இளையவன் செல்வது முறையன்று என்றார் அண்ணன். தம்பி விட்டுக்கொடுத்தார்.

பாரிஸ்டராகத் திரும்பிய விட்டல்பாய் பம்பாய்ச் சட்டசபைக்குள் நுழைந்தார். நகரசபைகள் தத்தம் எல்லைக்குள் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வழிசெய்த 1918ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொணர்ந்ததேயாகும். பின்னர் மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ் ஆகியோருடன் சுயராஜ்யக் கட்சியில் இணைந்து, 1923இல் மத்திய சட்டசபைக்குத் தெரிவானார். 1925 ஆகஸ்ட் 24ஆம் திகதி நடந்த சபைத் தலைவர் தேர்தலில், சென்னையைச் சேர்ந்த டி. ரங்காச்சாரியாரை 58க்கு 56 என்ற வாக்குகளால் வென்றார். அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. ஆசனத்தில் அமர்ந்ததும் கட்சித் தொடர்பைத் துறந்தார்.

1928இல் அரசாங்கம் பொதுப் பாதுகாப்புச் சட்டமூலத்தைச் சபையில் முன்வைத்தது. இந்தியத் தொழிலாளரிடையே பணியாற்றிய வெளிநாட்டுப் பொதுவுடைமையாளரை நாடு கடத்தும் அதிகாரத்தை அது கோரியது. வாக்குகள் இரு பக்கமும் 61 எனச் சமமாகப் பிரிந்தன. முடிவு தலைவரின் வாக்கில் தங்கியது. இத்தகைய அசாதாரணச் சட்டத்தை வேண்டுவோர் சபையின் பெரும்பான்மையைத் தாமே பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கூறி, விட்டல்பாய் எதிர்த்து வாக்களித்தார். சட்டமூலம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு அரசாங்கம் அதனை மீண்டும் கொணர்ந்தது. இதற்கிடையில் மீரட் சதி வழக்கில் தொழிற்சங்கத் தலைவர்கள் கைதாகியிருந்தனர். நீதிமன்றத்தின் முன்னுள்ள விடயத்தைத் தொடாமல் சட்டமூலத்தை விவாதிப்பது எங்ஙனம் என்று தலைவர் வினவினார். ஏப்ரல் 8ஆம் திகதி, அவருடைய தீர்ப்பு எதிர்பார்க்கப்பட்ட வேளையில், பகத் சிங்கும் படுகேஸ்வர் தத்தும் சபைக்குள் குண்டுகளை வீசினர். அந்தப் பரபரப்பிலும் அவர் நிலைகுலையவில்லை. மூன்று நாட்களின் பின், சட்டமூலத்தை விவாதிக்க இடமில்லை எனத் தீர்ப்பளித்தார். சபையில் தோற்ற வைசிராய் இர்வின், அவசரச் சட்டத்தின் மூலமே அவ்வதிகாரத்தைப் பெற நேர்ந்தது.

அதே 1929இல், சபையின் அலுவலகத்தை அரசாங்கத்தின் பிடியிலிருந்து பிரித்துத் தனித் திணைக்களமாக அமைத்தவரும் அவரே. இந்திய மக்களவைச் செயலகத்தின் தொடக்கம் அதுவாகும்.

1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் மூண்டபோது பதவியைத் துறந்தார். சிறை சென்றார், உடல்நலம் குன்றியது. சிகிச்சைக்காக ஐரோப்பா சென்றவர், நோயோடு அமெரிக்காவிலும் பயணஞ்செய்து இந்தியாவின் நியாயத்தை எடுத்துரைத்தார். 1933 மே மாதத்தில், சட்டமறுப்பு இயக்கத்தைக் காந்தியடிகள் இடைநிறுத்தியதைக் கண்டித்து, சுபாஸ் சந்திர போசுடன் கூட்டறிக்கை வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் திகதி, ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள மருத்துவமனையில், போஸ் அருகிருந்து பணிவிடை செய்ய, அவர் உயிர் பிரிந்தது. உடல் கப்பலில் பம்பாய் சேர்ந்தது. தம்பியோ அப்போது நாசிக் சிறையில் இருந்தார்.

தம் செல்வத்தின் பெரும்பகுதியை, பிறநாடுகளில் இந்தியாவுக்காகப் பிரசாரம் செய்வதற்கெனப் போசிடம் ஒப்படைக்குமாறு அவர் உயில் எழுதியிருந்தார். வல்லபாய் அதனை ஏற்கவில்லை. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1939இல் போசுக்கு எதிராக முடிந்தது.

தமக்கு அறிமுகமற்ற அந்நியர் சிலர் நாடு கடத்தப்படலாகாது என்பதற்கு அரணாக நின்றது விட்டல்பாயின் அந்த ஒற்றை வாக்கு. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் நம்மவர்க்கு, அதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.