முதுகலையைத் துறந்து முனைவரானவர்

பட்டப்படிப்பை முடித்த மாணவர் பலர், மேற்படிப்புக்குச் செல்வதா, கிடைத்த வேலையில் அமர்வதா என்று தயங்கி நிற்பதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அத்தகையோர்க்கு, நம் நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராகத் திகழ்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களின் இளமைக் காலத்தை ஈண்டு நினைவூட்ட விழைகின்றோம்.

அன்னார் 1897 பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார்; 1911இல் பிளேக் நோய்க்குத் தாயாரையும் பறிகொடுத்தார். மருத்துவராகும் எண்ணத்துடன் லக்னோவில் அறிவியல் பயிலத் தொடங்கினார். உடல்நலக் குறைவு அவ்வழியை அடைத்தது. அலிகார் கல்லூரிக்கே திரும்பி 1918இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பொருளியலில் முதுகலையும் உடன் சட்டமும் பயின்றுகொண்டே, அங்கேயே கற்பிக்கும் பணியையும் ஏற்றார். உயர்பதவி எட்டும் தொலைவில் இருந்தது.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகார் வந்தனர். அந்நிய அரசின் உதவி பெறும் கல்லூரியைத் துறக்குமாறு மாணவரை அழைத்தனர். ஜாகிர் உசேன் அந்த அழைப்பை ஏற்றார். ஆயினும் உணர்ச்சிப் பெருக்கில் வெறுங்கையோடு வெளியேறவில்லை. தில்லி சென்று ஹக்கீம் அஜ்மல்கான், டாக்டர் அன்சாரி முதலிய பெருமக்களைக் கண்டு, மாற்றாக ஒரு தேசியக் கல்விக்கூடம் அமைக்க இசைவு பெற்றார். கல்லூரியை விட்ட மாணவர் மறுநாள் எங்கே அமர்ந்து படிப்பர் என எண்ணிய அந்த 23 வயது இளைஞரின் முதிர்ச்சியை என்னென்பது! அம்மாதம் 29ஆம் நாள் ஜாமியா மில்லியா இசுலாமியா அலிகாரிலேயே தோன்றிற்று. முதுகலைப் படிப்பு இடையில் நின்றது.

படிப்பின் மீதான வேட்கையோ நிற்கவில்லை. 1922இல் ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோம்பார்ட்டிடம் பயின்று, இந்திய வேளாண்மைப் பொருளியலை ஆய்ந்து 1926இல் முனைவரானார். இடையே காலிபின் கவிதைத் தொகுப்பை அங்குள்ள காவியானி அச்சகத்தில் அழகுறப் பதிப்பித்ததும் அவரே. (ஆய்வாளர்க்கு வேறு நாட்டம் கூடாதென்போர் கவனிக்க!)

அவ்வேளையில் தில்லிக்கு இடம்பெயர்ந்திருந்த ஜாமியா, பொருள் முட்டுப்பாட்டால் மூடப்படும் நிலையில் இருந்தது. முனைவர் பட்டத்திற்கு எங்கும் நல்ல ஊதியம் கிடைத்திருக்கும். அவரோ ஆபித் உசேன், முஜீப் என்னும் நண்பர் இருவருடன் நேரே ஜாமியாவுக்கே வந்து சேர்ந்தார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாது இருபதாண்டுகள் உழைப்பதாக ஆசிரியர்கள் உறுதி பூண்டனர். 1948 வரை அதன் துணைவேந்தராக இருந்தார் ஜாகிர் உசேன்.

1969 மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவராகவே மறைந்த அப்பெருமகனார், அந்த ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார்.