ஓகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ்: சாவியை மட்டும் மறைக்கச் சொன்னவர்

கணினிப் பாதுகாப்பு பற்றிய எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் தொடக்கப் பக்கங்களில் கெர்க்கோஃப்ஸ் விதி என்று ஒன்று வரும். விதியைச் சொல்லிவிட்டு நூல் தன் வழியே போய்விடும். ஆளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இராது. அவர் கணினியைக் கண்டவர் இல்லை. பாரிஸில் ஜெர்மன் மொழி கற்பித்த ஆசிரியர். பிறருக்குப் புரியாமல் எழுதுவது எப்படி என்று ஒருபுறமும், உலகத்தார் எல்லோருக்கும் புரியும்படி பேசுவது எப்படி என்று மறுபுறமும் ஆராய்ந்தவர். முதலாவதில் வென்றார், இரண்டாவதில் தோற்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுகிறார்.

1835 ஜனவரி 19 அன்று நெதர்லாந்தின் லிம்பர்க் பகுதியில் நூத் என்ற ஊரில் பிறந்தார். முழுப்பெயர் ழான் கியோம் ஓகுஸ்ட் விக்டர் ஃபிரான்சுவா ஹூபர்ட் கெர்க்கோஃப்ஸ். இத்தனையையும் சுமப்பது கடினம் என்றோ என்னவோ, ஓகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்று சுருக்கிக்கொண்டார். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் படித்தார். மொழியாசிரியராக நெதர்லாந்திலும் பிரான்ஸிலும் பணியாற்றிப் பின்னர் பாரிஸின் உயர் வணிகக் கல்லூரியில் ஜெர்மன் பேராசிரியரானார்.

1870-71 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. தோற்ற நாடு தன் படையின் ஒவ்வொரு உறுப்பையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தந்தி வந்துவிட்டிருந்தது. ஒரு தளபதிக்கு ஒரு தூதன் கடிதம் கொண்டுபோன நாட்களில், மறைக்கும் முறையை இரண்டு பேர் மட்டும் அறிந்திருந்தால் போதும். தந்தி வழியே ஐம்பது முகாம்களுக்குச் செய்தி போகும்போது, அந்த முறையும் ஐம்பது முகாம்களில் இருந்தாக வேண்டும். ஒரு முகாம் எதிரியிடம் விழுந்தால் எல்லாமே விழும்.

1883-இல் படையியல் இதழ் ஒன்றில் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு பகுதிகளாக அவர் எழுதிய 'இராணுவ மறையெழுத்து' என்ற கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. அதில் ஆறு நிபந்தனைகள் வைத்தார். முறை, கணிதப்படி உடைக்க முடியாததாக இல்லாவிட்டாலும் நடைமுறையில் உடைக்க முடியாததாக இருக்க வேண்டும். தந்திக்குப் பொருந்த வேண்டும். தூக்கிச் செல்ல எளிதாக, ஒருவரே இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நீண்ட விதிப்பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்து மூளையை வருத்தக்கூடாது. இந்த நான்கும் நல்ல நடைமுறை அறிவு, அவ்வளவே. மற்ற இரண்டில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது. முறையே எதிரியின் கைக்குப் போனாலும் கேடு வரக்கூடாது என்பது ஒன்று. சாவியானது எழுதி வைக்காமலே நினைவில் கொள்ளத்தக்கதாகவும், விரும்பியபோது மாற்றிக்கொள்ளத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரியட்டும். சாவியை மட்டும் மறைத்தால் போதும் என்கிறார். கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை மறையெழுத்தாளர்களின் பெருமையெல்லாம் தங்கள் முறையை யாரும் அறியார் என்பதில்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு அவர் வேட்டு வைத்தார்.

அதே கட்டுரையில் அவர் காட்டிய இன்னொரு வித்தையைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒரே சாவியால் மறைத்த பல செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையும் ஒரே வகையில் மாற்றப்பட்ட எழுத்துகளாக நிற்கும். போதிய செய்திகள் சேர்ந்தால் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணியே உடைத்துவிடலாம். முறை வலுவானதாக இருந்தாலும், ஒரே சாவியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவன் தன் செய்தியைத் தானே காட்டிக்கொடுக்கிறான்.

இனி இரண்டாவது ஆசை. தென் ஜெர்மனியில் ஷ்லையர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1879-80-இல் வோலாபூக் என்ற செயற்கை மொழியை வெளியிட்டார். உலக மொழி என்று பொருள். சீனர்களுக்கும் குழந்தைகளுக்கும் ரகரம் கடினம் என்று அந்த ஒலியைப் பெரும்பாலும் தவிர்த்தார். (ர, ற, ழ மூன்றையும் கட்டி மேய்க்கும் நமக்கு இது சற்று வேடிக்கையாக இருக்கும்.) கெர்க்கோஃப்ஸ் இதில் முழுமையாக மூழ்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாடநூல்கள் எழுதினார். 1887-இல் மியூனிக் மாநாட்டில் வோலாபூக் கழகம் அமைந்தபோது அதன் இயக்குநரானார். 1889-க்குள் 283 சங்கங்களும் 25 இதழ்களும் இருந்ததாக ஒரு கணக்கு. அவ்வாண்டு பாரிஸ் மாநாடு முழுவதும் வோலாபூக்கிலேயே நடந்தது.

அங்கேதான் பிளவும் முற்றியது. இலக்கணத்தை எளிமையாக்க வேண்டும், கழகம் கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார் கெர்க்கோஃப்ஸ். மொழி தன்னுடையது, இறுதி மறுப்புரிமை தனக்கே வேண்டும் என்றார் ஷ்லையர். படைத்தவனின் பிடியிலிருந்து படைப்பை விடுவிக்க வேண்டும் என்பதில், மறையெழுத்தைப் போலவே மொழியிலும் அவர் ஒரே மனிதராக இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷ்லையர் விட்டுக்கொடுக்கவில்லை. சீர்திருத்தக்காரர்களும் ஆளுக்கொரு திருத்தத்தோடு வந்தார்கள். 1891-இல் கெர்க்கோஃப்ஸ் விலகினார். இயக்கம் சரிந்தது, ஆர்வலர்கள் பலர் எஸ்பெராந்தோவுக்குப் போனார்கள். 1903 ஆகஸ்ட் 9 அன்று அவர் மறைந்தார்.

மறையெழுத்துக் கட்டுரைக்குச் சாவில்லை. இன்று ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகளோ வங்கியின் கணக்குகளோ சர்வர்களின் வன்தட்டுகளில் மறையாக்கப்பட்டுக் கிடக்கின்றன. மறைக்கும் முறையின் பெயர் ஏஇஎஸ். பெல்ஜியத்தின் டேமன், ரைமன் என்ற இருவர் வடிவமைத்து, வெளிப்படையான போட்டியில் வென்று, 2001-இல் அமெரிக்க அரசின் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு படியும் அச்சிடப்பட்டிருக்கிறது. எதிரியும் படிக்கலாம். இரண்டாம் நிபந்தனை அப்படியே நிற்கிறது.

ஆகவே பாரம் முழுவதும் சாவியின்மேல் விழுகிறது. தானே மறையாக்கும் வன்தட்டுக்குள் ஒரு சாவி பிறக்கிறது. தகவலை மறைப்பது அதுதான், தட்டைவிட்டு அது வெளியே வருவதில்லை. அந்தத் தட்டுகளைத் திறக்க இன்னொரு சாவி உண்டு. தட்டுகளை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டு அட்டை அதை வைத்திருக்கும், அல்லது சர்வர் எழும் ஒவ்வொரு முறையும் வலையமைப்பில் உள்ள சாவி மேலாண்மை சர்வரிடம் கேட்டு வாங்கும். இரண்டு சாவி வைத்ததில் ஒரு நயம் இருக்கிறது. வெளிச் சாவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தட்டிலுள்ள தகவலைத் திரும்ப எழுதத் தேவையில்லை. உள்சாவியை அழித்தாலோ, தட்டு முழுவதும் சில நொடிகளில் படிக்க முடியாத குப்பை. பழைய தட்டை விற்குமுன் இதைத்தான் செய்கிறார்கள்.

விரும்பியபோது மாற்றலாம் என்ற அவருடைய மூன்றாம் நிபந்தனையின் பிற்பாதி இதனால் பிழைத்துக்கொண்டது. எழுதி வைக்காமல் நினைவில் கொள்வது என்ற முற்பாதி செத்துவிட்டது. 256 பிட் சாவியை எந்த மனிதன் நினைவில் வைப்பான்? எங்கேயாவது வைக்கத்தான் வேண்டும். கட்டுப்பாட்டு அட்டையோடு வைத்தால், சர்வரையே தூக்கிச் செல்லும் திருடனுக்குச் சாவியும் சேர்ந்து போகிறது. அட்டை பழுதானால், புது அட்டைக்குக் கொடுக்கக் கடவுச்சொற்றொடரின் நகல் வேறிடத்தில் இருந்தாக வேண்டும். தனிச் சர்வரில் வைத்தால், அது ஒன்றாக இருக்கக்கூடாது, இரண்டாவது வேண்டும். அந்தச் சாவிச் சர்வரையே, அது திறக்க வேண்டிய தட்டுகளில் குடிவைத்துவிடும் அவலமும் நேர்வதுண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால், பெட்டிக்குள் சாவி, பெட்டியோ பூட்டிக் கிடக்கும். திருடனால் போகும் தகவல் ஒருபுறம் இருக்க, சாவி தொலைந்து சொந்தக்காரனுக்கே இல்லாமல் போகும் தகவலும் உண்டு. நோயாளியின் கோப்பைப் பொறுத்தவரை இரண்டும் இழப்புதான்.

2018 நவம்பரில், கெர்க்கோஃப்ஸ் பிறந்த நெதர்லாந்திலேயே, நெய்மேகன் நகரின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். தானே மறையாக்கும் சில திண்மநிலைத் தட்டுகளில், பயனரின் கடவுச்சொல்லுக்கும் உள்சாவிக்கும் கணிதப் பிணைப்பே இல்லை. தட்டின் உள்நிரலை மாற்றிவிட்டால் கடவுச்சொல் தெரியாமலே திறக்கலாம். ஏஇஎஸ் உடையவில்லை. சாவியைக் கையாண்ட விதம் மூடிய நிரலுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியார் பார்த்ததில்லை. விண்டோஸின் பிட்லாக்கர் அதுவரை இத்தகைய தட்டுகளின் சொல்லை நம்பி, தன் மறையாக்கத்தைச் செய்யாமல் ஒதுங்கியிருந்தது. 2019 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றி, விண்டோஸ் 10-இல் புதிதாக மறையாக்கும் தட்டுகளுக்கு மென்பொருள் வழியையே இயல்பாக்கியது.